பதினோரு இஞ்ச் உயரத்தில் ஓர் இருக்கை

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் மாலை, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என் கட்டிலருகே நின்று, நான் இனிமேல் செய்யக்கூடாதவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னார். சம்மணம் போடக்கூடாது. குத்தவைக்கக்கூடாது. கால்மேல் கால் போடக்கூடாது. உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும், தாழ்வான எதிலும் உட்காரவே கூடாது. மீறினால் புதிதாக வைக்கும் மூட்டு கழன்று வந்துவிடலாம். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

"கார் ஓட்டலாமுங்களா?"

ஆறு வாரம் போகட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். என்ன கார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எங்களுக்குத் திருப்பூரில் முப்பத்தாறு மெஷின் போட்ட ஒரு தையல் யூனிட் இருக்கிறது. வீடு முன்னால், யூனிட் பின்னால். எக்ஸ்போர்ட் கம்பெனிகளிடமிருந்து துணி வாங்கி, வெட்டித் தைத்துக் கொடுப்போம். வெட்டுவது அவர் பொறுப்பு, தைப்பது என் பொறுப்பு. பத்தொன்பது வயதில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தேன். அங்கே கட்டிங் மாஸ்டராக இருந்தவரையே கல்யாணமும் செய்துகொண்டேன். குனிந்தே உட்கார்ந்த வாழ்க்கை. ஐம்பத்தாறு வயதில்தான் சாய்ந்து உட்கார்ந்தேன். அது அந்தக் காரில்.

சிவப்பு நிறம், இரண்டே பேர் உட்காரலாம், கூரை என் மார்பளவுக்குக்கூட வராது. நாங்கள் தைத்த பீஸ் ஒப்படைக்கும் ஒரு கம்பெனியின் குடோனில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உறை போட்டு நின்றிருந்தது. முதலாளியின் மகன் கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வெளிநாடு போய்விட்டாராம். ஒவ்வொரு தடவை போகும்போதும் உறையின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பேன். ஒரு நாள் முதலாளி, உட்கார்ந்து பாருங்கக்கா என்றார். உட்கார்ந்தேன். கால் இரண்டும் முன்னால் நீண்டன, முதுகு பின்னால் சாய்ந்தது. இடப்பக்கம் ஒரே ஒரு இருக்கை, பின்னால் ஒன்றுமில்லை. யாரையும் கூட்டிப்போக வேண்டாம், மூட்டை ஏற்ற வேண்டாம். எனக்கு அது போதுமென்று தோன்றியது. என் கணவரிடம் சொன்னபோது அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "துணி ரோலு ஒண்ணுகூட வைக்க முடியாதே" என்று மட்டும் சொன்னார். அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று நான் அவரிடம் விளக்கவில்லை.

வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை சிவன்மலைக்குக் கொண்டுபோனேன். மலையடிவாரத்தில் பூஜை போட்ட குருக்கள் முன்பக்கத்தில் சந்தனம் வைக்கத் தரையில் மண்டியிட வேண்டியிருந்தது. ஊருக்குள் வேகத்தடை ஒவ்வொன்றையும் கோணலாக ஏறிக் கோணலாக இறங்கினால்தான் காரின் அடிவயிறு தட்டாது. டவுன் பஸ்ஸில் போகிறவர்கள் மேலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே யாரோ சின்னப் பையன் இருப்பானென்று நினைத்து. நரைத்த தலையும் சேலையுமாக என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைத் தட்டிக் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தனியாக எடுப்பேன், பல்லடம் ரோட்டிலோ தாராபுரம் ரோட்டிலோ ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்புவேன். என் கணவர் அதில் ஒருநாளும் ஏறியதில்லை. சவப்பெட்டிக்குள் படுத்த மாதிரி இருக்குமாம்.

இரண்டு வருஷத்தில் வலது இடுப்பு வலி தொடங்கியது. கார்தான் காரணம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். கணியூரில் இருக்கும் என் கணவரின் அக்கா போன் போடும்போதெல்லாம் சொன்னார். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இடுப்பு மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்து எலும்போடு எலும்பு உரசுகிறது, இது பல வருஷத்து வேலை என்றார். காரின் மேல் பழி இல்லை என்று கேட்டதில் எனக்கு நிம்மதி. ஆபரேஷனுக்கு உடனே ஒத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது வீடே கொஞ்சம் உயர்ந்திருந்தது. நான் படுத்திருந்த ஐந்து நாளில் என் கணவர் கட்டில் கால்களுக்கடியில் மரக்கட்டை கொடுத்திருந்தார். கக்கூஸில் உயரம் கூட்டும் பிளாஸ்டிக் இருக்கை பொருத்தியிருந்தார். நான் உட்காரும் நாற்காலிக்கு, வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்துக் கெட்டியான திண்டு தைத்திருந்தார். எல்லாவற்றையும் தன் கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப்பால் அளந்திருந்தார். பதினெட்டு இஞ்சுக்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததை அப்படியே பிடித்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் என்னோடு பேசியதைவிட எனக்கு வெட்டிக் கொடுத்தது அதிகம்.

வாரத்தில் மூன்று நாள் ஒரு பெண் வந்து உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், கல்யாணமாகி இங்கே வந்தவள். படுத்தபடி குதிகாலை இழுப்பது, நின்றபடி காலைப் பக்கவாட்டில் தூக்குவது, கம்பு ஊன்றிப் படி ஏறுவது. நான் அவள் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். காரைப் பற்றி அவளிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவர், ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று காலையிலேயே வெளியே போயிருந்தார். யூனிட்டில் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கம்பை ஊன்றிக்கொண்டு நடைப்பயிற்சிக்காகப் பின்வாசலுக்குப் போனேன். கார் சாவியும் கையில் இருந்தது. யூனிட்டை ஒட்டி, மழைத்தண்ணீர் ஏறாமலிருக்க மேடாக்கிய சிமெண்ட் தளத்தில், தகரக் கூரைக்கடியில் கார் நின்றது. உறையை ஒரு பக்கம் விலக்கினேன். கதவைத் திறந்தேன். சும்மா உட்கார்ந்து பார்க்கலாம் என்றுதான்.

உட்காரவில்லை, விழுந்தேன். கூரையைப் பிடித்து மெல்ல இறங்கும்போது பாதியில் பிடி நழுவிவிட்டது. நல்லவேளை, வலது காலை முன்னால் நீட்டியிருந்தேன். வலி ஒன்றும் இல்லை. இடது காலையும் உள்ளே இழுத்துக்கொண்டு, இருக்கையைப் பின்னால் தள்ளிச் சாய்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். தூசி வாசனையும் தோல் வாசனையும் கலந்து வந்தது. ஐந்து வாரத்தில் முதல் தடவையாக, ஒரு நோயாளி மாதிரி இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம் அப்படியே இருந்தேன்.

பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. எழ வேண்டுமென்றால் முன்னால் குனிய வேண்டும், குனிந்தால் இடுப்பு மடங்கும். கொஞ்சம் முயன்றதும் மூட்டுக்குள் ஏதோ இழுக்கிற மாதிரி இருந்தது. டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்து அப்படியே நிறுத்திக்கொண்டேன். போன் வீட்டில் இருந்தது. சாவியைத் திருப்பி ஹாரனை அழுத்தினேன், சத்தமே இல்லை. ஐந்து வாரம் எடுக்காமல் பேட்டரி செத்திருந்தது. கத்தினேன். முப்பத்தாறு மெஷின் ஓடும் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு டீக்கு மெஷின்கள் நிற்கும் என்று தெரியும். அதுவரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முக்கால் மணி நேரம் இருக்கும். என்னை யாரும் பார்க்காமல் எப்படி வெளியே வருவது என்று முதலில் யோசித்தேன். அப்புறம், யாராவது பார்த்தால் போதும் என்று ஆனது. ஒரு கட்டத்தில் அழுதேன். ஆபரேஷனுக்கு முன்பும் அழவில்லை, பின்பும் அழவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு வயதாகிவிட்டது என்று நம்பினேன்.

மெஷின்கள் நின்றதும் கூப்பிட்டேன். முதலில் ஓடிவந்தது, தைத்த பீஸைச் சரிபார்க்கும் செக்கிங்கில் வேலை செய்யும் ஒடிசாப் பெண். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கிவிடலாம் என்று நம்மூர்ப் பெண்கள் இரண்டு பேர் குனிந்தார்கள். வேண்டாம், இழுத்தால் மூட்டு கழன்றுவிடும் என்று சொன்னேன். ஒடிசாப் பெண் மற்றவர்களைப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். என் முகத்தைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

"அம்மா, அழ வேணாம். அண்ணா வருது. போன் பண்ணியாச்சு."

அவர் வருவதற்குள் யாரோ எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். காரில் சாய்ந்தபடியே குடித்தேன்.

என் கணவர் வந்தார். திட்டுவாரென்று எதிர்பார்த்தேன், அவர் திட்டவில்லை. வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றேன். கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, தரையிலிருந்து இருக்கை வரைக்கும் பிடித்துப் பார்த்தார்.

"பதினோரு இஞ்ச். ஏழு இஞ்ச் பத்தலை."

காருக்குள் இருக்கிற ஆளை ஏழு இஞ்ச் தூக்குவது எப்படி என்று கூடியிருந்தவர்கள் பேச ஆரம்பித்தார்கள். அவர் எதையும் காதில் வாங்காமல் அந்தச் சிமெண்ட் தளத்தின் வலது ஓரத்துக்குப் போனார். அங்கே சுவர் கிடையாது, தளம் முடிந்து மண் தரை தொடங்கும். அந்த இறக்கத்தை அளந்தார். ஒன்பது இஞ்ச். திரும்பி வந்து என்னிடம் குனிந்து சொன்னார்:

"உன்னைத் தூக்க வேண்டாம். காரை ஓரத்துக்குக் கொண்டாந்துட்டா, காலைக் கீழ தொங்கவிட்டு நாற்காலியில இருந்து எந்திரிக்கிற மாதிரி எந்திரிச்சுக்கலாம். நீ ஸ்டியரிங்கை மட்டும் பாத்துக்க, நாங்க தள்ளறோம்."

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன், கை பிரேக்கை விட்டேன். அதற்குள் வந்து சேர்ந்தவர்களோடு இருபது பெண்கள் முன்னாலும் பின்னாலும் நின்றார்கள். முன்னால் இரண்டடி, பின்னால் மூன்றடி, மறுபடி முன்னால் என்று தள்ளித் தள்ளி ஓரத்துக்கு நகர்த்த வேண்டும். இன்ஜின் ஓடாத காரில் ஸ்டியரிங் இரும்பு மாதிரி இருக்கும், இரண்டு கையாலும் இழுத்துத் திருப்பினேன். வலப்பக்கம் ஒடித்துத் திருப்பு, நிறுத்து, இப்போ இடப்பக்கம் என்று என் கணவர் கைகாட்டினார். ஒடிசாப் பெண் இந்தியில் எண்ண ஆரம்பித்தாள், மற்றவர்கள் அவளோடு சேர்ந்து எண்ணினார்கள். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு நான் முதலில் ஓட்டியது அதுதான். பெட்ரோல் இல்லாமல், மணிக்கு ஒரு முழம் வேகத்தில்.

சக்கரம் தளத்தின் விளிம்புக்கு வந்ததும் நிறுத்தினோம். சட்டை மடித்துப் போடும் பாலித்தீன் கவர் ஒன்றை அவர் எனக்கடியில் செருகினார். வழுக்கிக்கொண்டு உடம்பு மொத்தமாகத் திரும்பியது. இரண்டு காலும் சேர்ந்து வெளியே வந்து, கீழே மண்ணைத் தொட்டன. கையை ஊன்றி நின்றுவிட்டேன். யாரும் என்னைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் வந்த திருநெல்வேலிப் பெண்ணுக்கு வாசலிலேயே செய்தி சொல்லப்பட்டுவிட்டது. என்னைப் படுக்கவைத்து இடுப்பை எல்லாப் பக்கமும் அசைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினாள்.

"ஏம்மா, மொதல்லயே சொல்லிருக்கலாம்லா? எந்தக் கார்னு தெரிஞ்சா அதுக்குத் தக்கன பழக்கிருப்பேன். ஒளிச்சு வச்சா நான் என்ன செய்ய?"

அந்தக் கோபம் எனக்கு ஆறுதலாக இருந்தது. இந்த வயதில் உனக்கு எதற்கு இந்தக் கார் என்று அவள் கேட்கவே இல்லை. ஆறாவது வாரம் டாக்டரிடமும் உண்மையைச் சொன்னேன், காரின் படத்தையே காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். விற்றுவிட்டு உயரமான கார் ஒன்று வாங்குவதுதான் புத்திசாலித்தனம் என்றார். மாட்டேன் என்று தலையசைத்தேன். விற்கப்போவதில்லை என்றால் மூட்டைச் சுற்றித் தசை இறுகும்வரை மூன்று மாதம் தொடவே கூடாது, அதன் பிறகும் பிரேக்கை யோசிக்காமல் மிதிக்க முடிகிறதென்று காட்டினால்தான் அனுமதி என்றார்.

அன்றிலிருந்து பயிற்சியின் முறையே மாறியது. தரை ஓட்டில் இரண்டு கட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, ஒன்று ஆக்ஸிலேட்டர், இன்னொன்று பிரேக் என்றாள் அந்தப் பெண். நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவள் எதையாவது பேசிக்கொண்டே இருந்து திடீரென்று கைதட்டுவாள். கால் உடனே அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். முதலில் கால் போவதற்குள் அவள் மூன்று தட்டு தட்டிவிடுவாள். ஒரு மாதத்தில் அவள் கை சேர்வதற்கு முன்பே கால் போய்விட்டது. காரில் ஏறும் முறையையும் உயரமான கட்டிலில் வைத்துப் பழக்கினாள். முதலில் இருக்கைக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும், வலது காலை நீட்டியே வைத்துச் சாய வேண்டும், பிறகு இரண்டு காலையும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். எழும்போது அதையே தலைகீழாக.

என் கணவர் கார் இருக்கைக்குத் திண்டு தைத்தார். முதல் திண்டு ஏழு இஞ்ச். அதை வைத்து உட்கார்ந்தால் என் தலை கூரையில் முட்டியது. ஆறாகக் குறைத்தார், அப்போதும் முட்டியது. நான்கு இஞ்சுக்கு வந்தபோது தலை தப்பியது, கொண்டை மட்டும் இடித்தது. அவர் திண்டையும் என் கொண்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்கு மேல் குறைத்தால் திண்டுக்கு அர்த்தமில்லை. நான் கொண்டையை அவிழ்த்துப் பின்னல் போட்டுக்கொண்டேன். கல்யாணமான புதிதில் போட்டது.

மூன்று மாதமும் பத்து நாளும் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணியூருக்குப் போய் வரலாம் என்று முடிவு செய்தோம். என் கணவரின் அக்காவுக்கும் இடுப்பு தேய்ந்துதான் இருந்தது. ஆபரேஷன் என்றால் எழுந்து நடக்கவே முடியாது என்று பயந்து தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். புது பேட்டரி போட்டாயிற்று. நான் ஏறிக்கொண்டேன். என் கணவர் இடது பக்கக் கதவைத் திறந்து, வேட்டியை மடித்துக்கொண்டு, ஒரு பெருமூச்சோடு உள்ளே இறங்கினார். நான் சாவியைத் திருப்பினேன்.

பல்லடம் தாண்டும்வரை நாற்பதுக்கு மேல் போகவில்லை. கிளட்சுக்கு இடது கால்தான், அதில் பிரச்சினை இல்லை. வலது கால் ஒவ்வொரு தடவை பிரேக்குக்குப் போகும்போதும் அது சரியாகப் போகிறதா என்று மனதுக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். உடுமலைக்கு முன்னால் ஒரு இறக்கத்தில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆடு ஒன்று குறுக்கே ஓடிவந்தது. நான் நினைப்பதற்குள் கார் நின்றிருந்தது. ஆடு எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. என் வலது கால் பிரேக்கின் மேல் உறுதியாக இருந்தது. இடுப்பில் வலி இல்லை. இது என் கால்தான், என்னுடைய இடுப்புதான் என்று அப்போதுதான் முழுதாக நம்பினேன்.

கொமரலிங்கம் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று அவர்தான் சொன்னார். அமராவதிப் பாலத்துக்குப் பக்கத்தில், முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டுமென்று டாக்டர் போட்ட விதிக்காக மறுபடி வண்டியை ஓரம் கட்டினேன். ஆற்றில் தண்ணீர் பரவலாகப் போய்க்கொண்டிருந்தது, வயலெல்லாம் நாற்று. நான் நடந்துவிட்டு வந்தபோது அவர் காருக்குள்ளேயே இருந்தார். திறந்த கதவுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லோணும். நீ ஆஸ்பத்திரியில இருக்கறப்பவே இதை வித்துப்போடலாமுன்னு ஒருத்தருகிட்டப் பேசியிருந்தேன். அன்னைக்குச் செவ்வாக்கிழமை அவரைத்தான் பாக்கப் போயிருந்தேன். நீ மாட்டிக்கிட்டேன்னு போன் வந்தப்ப நாங்க டீக்கடையில இருந்தோம்."

என்னைக் கேட்காமலா என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்று ரொம்பப் பயந்துவிட்டாராம். மறுபடி இந்தக் காரில் ஏறி எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு மட்டும்தான் இருந்ததாம். வண்டியே இல்லாமல் போய்விட்டால் நான் கொஞ்ச நாள் கோபப்பட்டு மறந்துவிடுவேன் என்று எண்ணியிருக்கிறார்.

"அப்புறம் ஏனுங்க விக்கலை?"

"தள்ளறப்ப நீ சிரிச்சே. அந்த ஆளுக்குச் சாயங்காலமே போன் பண்ணி இல்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

நான் காரைச் சுற்றி இன்னொரு தடவை நடந்தேன். கோபம் உடனே போகவில்லை, அதை அவரிடம் மறைக்கவும் இல்லை. என்னைக் கேட்காமல் என் பொருளை விற்கப் பார்த்ததைச் சொல்லிக்காட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நானும் டாக்டரிடமும் அந்தப் பெண்ணிடமும் மறைத்தவள்தான் என்பது பாதியில் எனக்கே உறைத்தது. பேச்சு அத்துடன் நின்றது. ஏறி வண்டியை எடுத்தேன்.

கணியூரில் அவருடைய அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் காரிலிருந்து எழுந்து வருவதை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை பார்த்தார். கம்பு இல்லாமல் படி ஏறுவதையும் பார்த்தார். ஆபரேஷனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்து, என் கணவர் தோட்டத்துப் பக்கம் போன பிறகு என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு, தழும்பைக் காட்டச் சொன்னார். காட்டினேன். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"ராத்திரி திரும்பிப் படுக்க முடியுதா கண்ணு?"

முதல் மாதம் முடியவில்லை, இரண்டு காலுக்கும் நடுவில் தலையணை வைத்துப் படுக்க வேண்டியிருந்தது, இப்போது முடிகிறது என்றேன். முதல் வாரத்து வலியையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிக்க எத்தனை நாளாச்சு, கக்கூஸுக்கு என்ன செய்தாய், சாமி கும்பிட எப்படிக் குனிகிறாய். குனிய முடியாது, நின்றுகொண்டேதான் கும்பிடுகிறேன் என்றேன். டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பார் என்று கடைசியாகக் கேட்டார். திங்களும் வியாழனும் என்று சொன்னேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதித் தரச் சொல்லி, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.